குட்டிப் பாப்பா பால் குடிக்கப் பழகியது

ஏழாம் மாதத்தில் பிறந்த குழந்தை

பெங்களூரின் தெற்கே, ஓசூர் சாலையில் இருக்கிறது பொம்மனஹள்ளி. சாலைக்கு மேலே இப்போது மெட்ரோ ரயில் ஓடுகிறது. கீழே காலை நேரத்தில் கார்மென்ட்ஸ் பெண்கள் கூட்டம் கூட்டமாக நடந்து போவார்கள். கையில் டிபன் பை இருக்கும். கன்னடம், தமிழ், தெலுங்கு, இந்தி என்று எல்லாப் பேச்சும் கேட்கும். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்களும் அங்கே உண்டு.

அப்படி வந்த ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்வோம். மகன் கட்டட வேலைக்குப் போகிறான். மருமகள் கார்மென்ட்ஸில் தையல் வேலை செய்கிறாள். வீட்டைப் பார்த்துக்கொள்பவர் மாமியார். மருமகள் சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு இரவு வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றாள். எண்களை நன்றாக எழுதுவாள். இந்தப் படிப்பு பின்னால் அவளுக்குப் பெரிய உதவியாக இருந்தது.

மருமகளுக்கு இது முதல் பிரசவம். தாய்மாருக்கு 40 வாரத்தில் பிரசவ நாள் குறிப்பார்கள். 37 வாரம் முடியும் முன்பே குழந்தை பிறந்தால் அது குறைமாதக் குழந்தை. மருமகளுக்கு 31-ஆம் வாரத்திலேயே வலி வந்துவிட்டது. 108 ஆம்புலன்ஸில் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பெண் குழந்தை பிறந்தது. எடை 1 கிலோ 350 கிராம்.

குழந்தையை உடனே பச்சிளம் குழந்தைப் பிரிவில் சேர்த்தார்கள். முதல் இரண்டு நாள் மூச்சு விட உதவி செய்தார்கள். கையில் குளுக்கோஸ் ஏறியது. கைவிரல்கள் தீக்குச்சி போல இருந்தன.

மாமியார் கண்ணாடி வழியாகப் பார்த்தார். குழந்தையின் வாயில் ஒரு மெல்லிய குழாய் இருந்தது.

“ஏம்மா, கொழந்தைக்கு வாய் இருக்குதே. அப்புறம் எதுக்கு டியூப்பு?” என்று மருமகளைக் கேட்டார்.

“எனக்கும் தெரியல அத்தை. சிஸ்டரைத்தான் கேக்கணும்” என்றாள் அவள்.

குழாயில் ஏன் பால்?

சிஸ்டர் கன்னடத்துப் பெண். தமிழும் நன்றாகப் பேசுவார். அவர் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

“அஜ்ஜி, பால் குடிக்கறது சுலபம்னு நாம நினைக்கிறோம். ஆனா கொழந்தை ஒரே நேரத்துல மூணு வேலை செய்யணும். உறிஞ்சணும். விழுங்கணும். மூச்சு விடணும்.”

நமது தொண்டையில் இரண்டு வழிகள் பிரிகின்றன. ஒன்று வயிற்றுக்குப் போகும் உணவுக் குழாய். இன்னொன்று நுரையீரலுக்குப் போகும் மூச்சுக் குழாய். விழுங்கும்போது மூச்சு வழி மூடிக்கொள்ள வேண்டும். விழுங்கி முடித்ததும் திறக்க வேண்டும்.

சில்க் போர்டு சந்திப்பை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் சிவப்பு விளக்கு எரிந்தால்தான் மறுபக்கம் வண்டி போகலாம். சிக்னல் வேலை செய்யாவிட்டால் வண்டிகள் மோதிக்கொள்ளும். குழந்தையின் தொண்டையிலும் இப்படி ஒரு சிக்னல் உண்டு. அதை நடத்துவது மூளை.

வயிற்றில் இருக்கும்போதே குழந்தை விரல் சப்பும். பனிக்குட நீரை விழுங்கும். ஆனால் அங்கே மூச்சுக் காற்று தேவை இல்லை. தொப்புள்கொடி வழியாகவே எல்லாம் கிடைத்துவிடும். உறிஞ்சுவதையும் விழுங்குவதையும் மூச்சையும் முறை வைத்துச் செய்யும் திறமை 32, 34 வாரங்களில்தான் வரத் தொடங்கும். அது நன்றாகப் படிய இன்னும் சில வாரம் ஆகும்.

அதற்கு முன் வாயில் பாலை ஊற்றினால் என்ன ஆகும்? பால் மூச்சுக் குழாயில் இறங்கலாம். குழந்தைக்குப் புரை ஏறும். மூச்சு நிற்கலாம். உடம்பு நீலமாகலாம். நுரையீரலில் சளிக் காய்ச்சல் வரலாம். இதனால்தான் பாலைக் குழாய் வழியாக நேரே வயிற்றுக்கு அனுப்புகிறார்கள்.

“அப்ப இந்தக் கொழந்தைக்குக் குடிக்கத் தெம்பு இல்லையா?” என்று மாமியார் கேட்டார்.

“தெம்பும் கம்மிதான் அஜ்ஜி. அதோட இன்னும் படிக்கலை. படிச்சுக்கும். நாம அவசரப்படுத்தக் கூடாது, அவ்வளவுதான்.”

தாய் செய்ய வேண்டிய வேலை

“குழாயில் போகட்டும், பால் யாருடையது?” என்று மருமகள் கேட்டாள்.

“உன்னோடதுதான்மா. உன் பால்தான் இதுக்கு மருந்து” என்றார் சிஸ்டர்.

குறைமாதத்தில் பெற்ற தாயின் பால் தனி வகை. முதல் சில வாரங்களில் அதில் புரதச் சத்து அதிகம். நோயைத் தடுக்கும் பொருள்களும் அதிகம். குறைமாதக் குழந்தைகளுக்குக் குடல் அழுகும் நோய் ஒன்று வருவதுண்டு. அது உயிருக்கே ஆபத்தானது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்கு அந்த நோய் குறைவாக வருகிறது.

மஞ்சளாக வரும் சீம்பாலைச் சிலர் பீய்ச்சிக் கொட்டிவிடுகிறார்கள். அது தவறு. சில சொட்டு வந்தாலும் அதைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

குழந்தை சப்பாததால் பால் தானாகச் சுரக்காது. கையால் பீய்ச்சி எடுக்க வேண்டும். சிஸ்டர் அந்த முறையைக் காட்டினார்.

முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். வேகவைத்துச் சுத்தம் செய்த வாயகன்ற கிண்ணம் வேண்டும். காம்பைச் சுற்றியுள்ள கறுப்பு வட்டத்தின் ஓரத்தில் கட்டைவிரலை மேலேயும் மற்ற விரல்களைக் கீழேயும் வைக்க வேண்டும். முதலில் நெஞ்சுப் பக்கமாக மெல்ல அழுத்த வேண்டும். பிறகு விரல்களைச் சேர்த்து அழுத்தி விட வேண்டும். காம்பைப் பிடித்து இழுக்கக் கூடாது. வலிக்கவும் கூடாது.

இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை எடுக்க வேண்டும். ஒரு நாளுக்கு 8 முறையாவது எடுக்க வேண்டும். இரவிலும் எடுக்க வேண்டும். எடுத்த பாலை மூடி, வெயில் படாத இடத்தில் வைத்தால் 4 மணி நேரம் வரை கொடுக்கலாம். குளிர்ப்பெட்டியில் வைத்தால் 24 மணி நேரம் வரை கொடுக்கலாம். அதை அடுப்பில் சூடு பண்ணக் கூடாது. கிண்ணத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தாலே போதும்.

முதல் நாள் மருமகளுக்கு ஒரு ஸ்பூன் கூட வரவில்லை. அவள் அழுதுவிட்டாள். மாமியார் அவள் முதுகை நீவிவிட்டார். குடிக்கச் சூடாகக் கஞ்சி கொடுத்தார். மூன்றாம் நாள் பால் நன்றாக இறங்கியது.

சில தாய்மாருக்குப் பால் வரத் தாமதமாகும். சிலர் நோயில் படுத்திருப்பார்கள். அப்போது மற்றத் தாய்மார் தானம் செய்த பாலைக் கொடுக்கலாம். அதைச் சோதித்துச் சுத்தம் செய்து வைக்கும் இடம் தாய்ப்பால் வங்கி. ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989-இல் மும்பை சயான் ஆஸ்பத்திரியில் தொடங்கியது. டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் அதைத் தொடங்கினார். பெங்களூரில் வாணி விலாஸ் அரசு ஆஸ்பத்திரியில் 2022-இல் ஒரு தாய்ப்பால் வங்கி திறந்தார்கள்.

நெஞ்சோடு நெஞ்சாக

நான்காம் நாள் குழந்தையின் மூச்சு சீரானது. சிஸ்டர் மருமகளைச் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்தார். குழந்தைக்குத் தொப்பி, சாக்ஸ், நாப்கின் மட்டும் போட்டார். தாயின் வெறும் நெஞ்சின் மேல் நேராக நிறுத்திவைத்தார். தலையை ஒரு பக்கமாகத் திருப்பினார். சேர்த்துத் துணியால் கட்டினார்.

இதற்குக் கங்காரு முறை என்று பெயர். கங்காரு ஆஸ்திரேலியாவில் இருக்கும் விலங்கு. அது தன் குட்டியை வயிற்றுப் பையில் வைத்து வளர்க்கும். தென் அமெரிக்காவில் கொலம்பியா என்று ஒரு நாடு இருக்கிறது. அதன் தலைநகர் பொகோட்டா. அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் குறைமாதக் குழந்தைகளை வைக்கும் சூட்டுப்பெட்டிகள் போதவில்லை. 1978-இல் டாக்டர் எட்கர் ரே, தாயின் நெஞ்சையே சூட்டுப்பெட்டியாக்கினார். பிறகு டாக்டர் ஹெக்டர் மார்ட்டினெஸும் அவரோடு சேர்ந்தார். அந்த முறை உலகம் முழுதும் பரவியது.

“ஏழைகளுக்கான முறை” என்று முதலில் சிலர் நினைத்தார்கள். அது உண்மை அல்ல. உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் ஒரு பெரிய ஆய்வு நடத்தியது. அதில் டெல்லியின் சஃப்தர்ஜங் ஆஸ்பத்திரியும் ஒன்று. முடிவு 2021-இல் வந்தது. 1 கிலோவிலிருந்து 1 கிலோ 800 கிராமுக்குள் பிறந்த குழந்தைகளைப் பார்த்தார்கள். பிறந்த உடனே கங்காரு முறை தொடங்கிய குழந்தைகளில், 28 நாளுக்குள் 100-க்கு 12 குழந்தைகள் இறந்தன. உடல் சீரான பிறகு தொடங்கியவர்களில் 100-க்கு ஏறக்குறைய 16 குழந்தைகள் இறந்தன. நூற்றுக்கு நான்கு உயிர் என்பது சின்னக் கணக்கு அல்ல.

நமது கர்நாடகத்திலும் கொப்பள் மாவட்டத்தில் இந்த முறையை அரசு ஆஸ்பத்திரிகளிலும் வீடுகளிலும் பரப்பிப் பார்த்தார்கள். அந்த வேலையில் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் நிறுவனமும் பங்கெடுத்தது.

பால் குடிக்கப் பழகுவதற்கும் கங்காரு முறைக்கும் என்ன தொடர்பு? குழந்தை தாயின் நெஞ்சில் இருக்கும்போது உடம்புச் சூடு குறையாது. சூடாக இருக்கச் செலவாகும் சத்து மிச்சமாகிறது. தாயின் பால் வாசனை அதன் மூக்கில் படுகிறது. தாய்க்கும் பால் நன்றாகச் சுரக்கிறது.

மருமகள் குழந்தையை அணைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் குழந்தையின் உதடு அசைந்தது. நாக்கு வெளியே வந்து உள்ளே போனது.

“சிஸ்டர், பாருங்க! வாயைச் சப்புது!”

“அது படிக்கத் தொடங்கிடுச்சும்மா” என்றார் சிஸ்டர்.

பாட்டியின் சங்கு

அன்று மாலை மாமியாரும் உதட்டின் அசைவைப் பார்த்தார். அவருக்குப் பொறுக்கவில்லை. இடுப்புப் பையிலிருந்து ஒரு பழைய வெள்ளிச் சங்கை எடுத்தார்.

“கொழந்தைக்குப் பசிக்குது. ரெண்டு சங்கு பால் ஊத்தினா தெம்பு வரும். எங்க ஊர்ல அப்படித்தான் வளத்தோம்.”

அந்த நேரம் சிஸ்டர் வந்தார். அவர் கோபப்படவில்லை. சங்கைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

“நல்ல சங்கு அஜ்ஜி. இதுலதான் உங்க பேத்தி குடிக்கப் போறா. ஆனா இன்னைக்கு இல்ல. இன்னும் பத்து நாள் போகட்டும்.”

மாமியார் தலை குனிந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்.

“எனக்கும் ஏழாம் மாசத்துல ஒண்ணு பொறந்துச்சு. இவன் பொறக்கறதுக்கு முன்னால. ஆம்பளப் புள்ள. இதே சங்குலதான் பால் ஊத்தினோம். மடியில மல்லாக்கப் படுக்க வெச்சு ஊத்தினோம். மூணாம் நாளு பொரை ஏறிச்சு. மூஞ்சி நீலமாச்சு. சாமி எடுத்துக்கிச்சுன்னு சொன்னாங்க.”

மருமகளுக்கு இது தெரியாது. அவள் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அது உங்க தப்பு இல்ல அஜ்ஜி” என்றார் சிஸ்டர். “அப்ப உங்களுக்கு யாரும் சொல்லலை. இப்ப உங்களுக்குத் தெரியும். நீங்க நாலு பேருக்குச் சொல்லலாம்.”

பிறகு சிஸ்டர் ஒரு யோசனை சொன்னார். கங்காரு முறையில் குழந்தையைத் தாய்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று இல்லை. தாய் களைத்துப்போனால் அப்பா வைத்துக்கொள்ளலாம். பாட்டியும் வைத்துக்கொள்ளலாம். உடம்பு சுத்தமாக இருக்க வேண்டும். சளி, இருமல் இருக்கக் கூடாது.

மறுநாள் மாமியார் குளித்துவிட்டு வந்தார். பேத்தியை நெஞ்சில் வைத்தார்கள். ஒரு மணி நேரம் அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

முதல் துளி

முதல் வாரத்தில் குழந்தையின் எடை 1 கிலோ 250 கிராமாகக் குறைந்தது. வீட்டார் பயந்தார்கள். எல்லாக் குழந்தைக்கும் முதலில் எடை கொஞ்சம் குறையும். குறைமாதக் குழந்தைக்கு இன்னும் கொஞ்சம் அதிகமாகக் குறையும். ஏறக்குறைய இரண்டு வாரத்தில் பிறந்த எடை திரும்ப வரும். இந்தக் குழந்தைக்கும் 13-ஆம் நாள் 1 கிலோ 350 கிராம் வந்தது.

14-ஆம் நாள் குழந்தைக்கு 33 வாரம் ஆனது. 31 வாரம் வயிற்றில், 2 வாரம் வெளியில். குழாயில் பால் போகும்போது அது வாயைச் சப்பியது. கையை வாய்க்குக் கொண்டுபோனது. மூச்சும் சீராக இருந்தது.

“இன்னைக்குப் பாலாடை” என்றார் சிஸ்டர்.

பாலாடை என்பது நமது சங்குதான். ஒரு பக்கம் நீண்ட மூக்கு இருக்கும். சில ஊரில் சங்கு என்பார்கள். கன்னடத்தில் ‘ஒளலே’ என்பார்கள். நம் பாட்டிமார் வைத்திருந்த இந்தப் பொருளை டாக்டர்கள் சோதித்துப் பார்த்தார்கள். 1999-இல் ஓர் ஆய்வு வந்தது. பாட்டில், கிண்ணம், பாலாடை மூன்றையும் அதில் ஒப்பிட்டார்கள். பாலாடையில் குழந்தைகள் குறைந்த நேரத்தில் அதிகம் குடித்தன. இன்று ஆங்கில மருத்துவப் புத்தகங்களிலும் இதன் பெயர் ‘பாலாடை’தான்.

பாட்டில் ஏன் வேண்டாம்? பாட்டிலைச் சுத்தமாகக் கழுவுவது கடினம். ரப்பரில் கிருமி தங்கும். மார்பில் குடிப்பதும் ரப்பரில் குடிப்பதும் வேறு வேறு. ரப்பருக்குப் பழகிய குழந்தை மார்பைத் தள்ளிவிடலாம். பால் பவுடருக்கும் பால் பாட்டிலுக்கும் விளம்பரம் செய்யக் கூடாது என்று 1992-லேயே நமது நாட்டில் சட்டம் வந்துவிட்டது. கடைக்காரர் “வாங்கிக்கோங்க” என்று சொன்னாலும் டாக்டரைக் கேட்காமல் வாங்கக் கூடாது.

அன்று ஒரு வேளைக்குக் குழந்தைக்கு 18 மி.லி. பால். அதில் 3 மி.லி.யை மட்டும் சிஸ்டர் பாலாடையில் எடுத்தார். மீதி 15 மி.லி. குழாயில் போனது. 3 மி.லி. குடிக்கக் குழந்தைக்குப் பத்து நிமிடம் ஆனது. குடித்ததும் களைத்துத் தூங்கிவிட்டது. ஆனால் புரை ஏறவில்லை.

மருமகள் ஒரு நோட்டு வாங்கினாள். கோடு போட்டாள். ஒவ்வொரு நாளும் ஒரு வேளைப் பாலை எழுதினாள்.

14-ஆம் நாள்: பாலாடை 3, குழாய் 15
16-ஆம் நாள்: பாலாடை 8, குழாய் 10
17-ஆம் நாள்: பாலாடை 5, குழாய் 13
19-ஆம் நாள்: பாலாடை 14, குழாய் 5
21-ஆம் நாள்: பாலாடை 20, குழாய் இல்லை

17-ஆம் நாளைப் பாருங்கள். அளவு குறைந்திருக்கிறது. அன்று மருமகள் கவலைப்பட்டாள். “தினமும் ஏறிக்கிட்டே போகாதும்மா. ஒரு நாள் களைப்பா இருக்கும். அன்னைக்குக் குழாய் இருக்குதே” என்றார் சிஸ்டர். டாக்டர் வந்தபோது அந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

பாலாடையில் பால் புகட்டும் முறை

1. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பாலாடையைக் கழுவிக் குறைந்தது 10 நிமிடம் தண்ணீரில் கொதிக்கவிடுங்கள்.

2. குழந்தை விழித்திருக்கும்போது புகட்டுங்கள். தூங்கும் குழந்தையின் வாயில் ஊற்றக் கூடாது. உள்ளங்காலை மெல்ல வருடினால் விழிக்கும்.

3. மடியில் சாய்ந்து உட்கார்ந்ததுபோல வையுங்கள். தலையையும் கழுத்தையும் கையால் தாங்குங்கள். மல்லாக்கப் படுக்கவைக்கக் கூடாது.

4. பாலாடையின் மூக்கைக் கீழ் உதட்டின் மேல், வாயின் ஓரத்தில் வையுங்கள். சில சொட்டு விடுங்கள். நிறுத்துங்கள்.

5. விழுங்கிவிட்டதா என்று பாருங்கள். விழுங்கி, மூச்சு விட்ட பிறகு அடுத்த சொட்டு.

6. மூக்கைப் பிடித்து ஊற்றாதீர்கள். தொண்டைக்குள் ஊற்றாதீர்கள்.

7. 20 அல்லது 30 நிமிடத்துக்கு மேல் இழுக்காதீர்கள். குழந்தையின் தெம்பு அதிலேயே போய்விடும்.

8. முடித்ததும் தோளில் சாய்த்து முதுகைத் தடவுங்கள். ஏப்பம் வரட்டும்.

குழந்தைக்குப் பேசத் தெரியாது. ஆனால் உடம்பால் பேசும். உதட்டைச் சப்பினால், நாக்கை நீட்டினால், கையை வாய்க்குக் கொண்டுபோனால், “எனக்கு வேண்டும்” என்று பொருள். அழுகை கடைசி அடையாளம். அழும்வரை காத்திருக்க வேண்டாம். முகத்தைத் திருப்பினால், விரல்களை விரித்தால், பால் வாயோரம் வழிந்தால், “கொஞ்சம் நிறுத்து” என்று பொருள். உடனே நிறுத்தி நிமிர்த்திப் பிடியுங்கள். உதடு நீலமானால் உடனே சிஸ்டரையோ டாக்டரையோ கூப்பிடுங்கள்.

மார்பில் குடிக்கப் பழகுதல்

பாலாடை நடுவழிதான். போக வேண்டிய இடம் தாயின் மார்பு.

இதற்கும் சிஸ்டர் முன்பே வழி செய்திருந்தார். குழாயில் பால் போன நாள்களிலேயே, பாலைப் பீய்ச்சி எடுத்த பிறகு, மார்பில் குழந்தையின் வாயை வைக்கச் சொன்னார். பால் அதிகம் வராததால் புரை ஏறும் பயம் குறைவு. குழந்தை சும்மா சப்பிப் பழகும். சைக்கிள் பழகுகிறவன் முதலில் ஸ்டாண்டு போட்டு மிதிப்பதுபோல இது.

24-ஆம் நாள், 34 வாரம் தாண்டியதும், பால் உள்ள மார்பிலேயே வைத்தார்கள். வாய் அகலத் திறக்கும்வரை காத்திருந்தார்கள். காம்பு மட்டும் வாயில் போனால் போதாது. கறுப்பு வட்டத்திலும் பெரும்பகுதி போக வேண்டும். தாடை மார்பில் பட வேண்டும்.

குழந்தை நாலு முறை சப்பியது. நின்றது. மூச்சு விட்டது. மறுபடி சப்பியது. குறைமாதக் குழந்தை இப்படி விட்டு விட்டுத்தான் குடிக்கும். நிறுத்தியதும் குடித்துவிட்டது என்று எடுத்துவிடக் கூடாது. இந்த நாள்களில் மார்பில் குடித்த பிறகு மீதியைப் பாலாடையில் கொடுத்தார்கள். தினமும் எடை பார்த்தார்கள். ஒரு நாளுக்கு ஏறக்குறைய 20 கிராம் ஏறியது.

30-ஆம் நாள் குழந்தையின் எடை 1 கிலோ 690 கிராம். குழாய் இல்லை. குளுக்கோஸ் இல்லை. உடம்புச் சூடு சரியாக இருந்தது. கண் டாக்டரும் பார்த்துவிட்டார். குறைமாதக் குழந்தைக்குக் கண்ணின் உள்ளே விழித்திரை கெடலாம். வெளியே பார்த்தால் தெரியாது. 30 நாளுக்குள் கண் பரிசோதனை செய்ய வேண்டும். இதை மறக்கக் கூடாது.

டாக்டர் சீட்டு எழுதினார். “வீட்டுக்குப் போகலாம்” என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகு

பொம்மனஹள்ளியில் அக்கம்பக்கத்தார் குழந்தையைப் பார்க்க வந்தார்கள். ஒருவர் சர்க்கரைத் தண்ணீர் வைக்கச் சொன்னார். ஒருவர் தேன் தொட்டு வைக்கச் சொன்னார். தெருவில் கழுதையோடு வந்தவர் ஒரு சங்கு கழுதைப் பால் ஊற்றினால் மாந்தம் வராது என்றார்.

வாசலில் மாமியார் நின்றார்.

“எல்லாரும் நல்லதுக்குத்தான் சொல்றீங்க. ஆனா இதுக்குத் தாய்ப்பாலு மட்டுந்தான். டாக்டரு சொன்ன சொட்டு மருந்து மட்டுந்தான். கையைக் கழுவிட்டு வந்து பாருங்க. சளி இருந்தா அடுத்த வாரம் வாங்க.”

குளிப்பாட்டும்போது தொண்டைக்குள் விரல் விட்டுச் சளி எடுக்க வேண்டும் என்று ஒரு கிழவி சொன்னார். மூக்கில் ஊத வேண்டும் என்றார். “அதெல்லாம் வேணாங்க” என்றார் மாமியார்.

வீட்டிலும் கங்காரு முறை தொடர்ந்தது. மகன் வேலை முடிந்து வந்து குளிப்பான். பிறகு குழந்தையை நெஞ்சில் கட்டிக்கொள்வான். இரண்டு மூன்று மணிக்கு ஒரு முறை குழந்தையை எழுப்பிப் பால் கொடுத்தார்கள். இரவிலும் கொடுத்தார்கள். களைத்த வேளையில் பாட்டியின் வெள்ளிச் சங்கு வந்தது. இந்த முறை அதைக் கொதிக்கவைத்தார்கள். குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்தார்கள். சொட்டுச் சொட்டாக விட்டார்கள்.

ஆஷா பணியாளர் வீட்டுக்கு வந்து எடை பார்த்தார். மருமகளுக்கு இ.எஸ்.ஐ. அட்டை இருந்தது. தகுதி உள்ளவர்களுக்கு முதல் இரண்டு குழந்தைகளுக்கும் 26 வாரம் சம்பளத்தோடு பிரசவ விடுப்பு உண்டு. அதனால் வேலைக்கு ஓட வேண்டிய அவசரம் இல்லை. அரசு ஆஸ்பத்திரியில் பச்சிளம் குழந்தைக்குச் சிகிச்சை இலவசம். இந்தத் திட்டம் 2011-இல் வந்தது.

நினைவில் வைப்போம்

2020-இல் உலகத்தில் ஏறக்குறைய 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தன. அதில் இந்தியாவில் மட்டும் ஏறக்குறைய 30 லட்சம். இது நமது தெருவிலும் நடக்கும். நமது வீட்டிலும் நடக்கலாம்.

குழந்தை குடிக்கப் பழகும் படிகள் இவை. 32 வாரத்துக்கு முன் பெரும்பாலும் குழாய். 32 முதல் 34 வாரம் வரை பாலாடை. 34 வாரத்துக்குப் பின் தாயின் மார்பு. எல்லாக் குழந்தையும் ஒரே நாளில் படி ஏறாது. எந்தப் படி என்பதை டாக்டரும் குழந்தையும் சேர்ந்து முடிவு செய்வார்கள்.

கீழே உள்ள எது நடந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 108-ஐக் கூப்பிட வேண்டும்.

குடித்துக்கொண்டிருந்த குழந்தை குடிப்பதை நிறுத்தினால்.
உடம்பும் பாதமும் சில்லிட்டுப் போனால்.
மூச்சு வாங்கினால், அல்லது மூச்சு நின்று நின்று வந்தால்.
உதடு நீலமானால்.
வயிறு உப்பினால், பச்சையாக வாந்தி எடுத்தால்.
எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடந்தால்.

கணக்குப் போடுவோம்

1. ஒன்றரைக் கிலோக் குழந்தைக்கு ஒரு நாளுக்கு 240 மி.லி. பால் கொடுக்க டாக்டர் சொல்கிறார். இரண்டு மணிக்கு ஒரு முறை கொடுக்க வேண்டும். ஒரு நாளுக்கு எத்தனை வேளை? ஒரு வேளைக்கு எத்தனை மி.லி.?

2. குட்டிப் பாப்பா 13-ஆம் நாள் 1 கிலோ 350 கிராம். 30-ஆம் நாள் 1 கிலோ 690 கிராம். எத்தனை நாளில் எத்தனை கிராம் ஏறியது? ஒரு நாளுக்கு எவ்வளவு?

கூடிப் பேசுவோம்

1. குழந்தைக்குப் புரை ஏறுவது ஏன்? சில்க் போர்டு சிக்னலை வைத்துச் சொல்லுங்கள்.

2. உங்கள் ஊரில் பிறந்த குழந்தையின் வாயில் முதலில் எதை வைக்கிறார்கள்? அது நல்லதா?

3. உங்கள் வீட்டில் பழைய சங்கு இருக்கிறதா? அதில் எத்தனை மி.லி. பிடிக்கும்? மருந்து ஊசிக் குழலால் அளந்து பாருங்கள்.

4. மாமியாருக்கு அந்தக் காலத்தில் யாரும் சொல்லவில்லை. இன்று நீங்கள் படித்தீர்கள். முதலில் யாரிடம் சொல்லப் போகிறீர்கள்?